அடியில் கிடந்த சனிக்கிழமை

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு படி இறங்கியதும் திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கடைக்காரர் பால் பாக்கெட்டை நீட்டினால் முதலில் தேதியைப் பார்ப்பேன், அப்புறம்தான் அவர் முகத்தை. வளர்ந்தது ஆவடி குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிற ஒவ்வொருவரும் கேட்டில் பையைத் திறந்து காட்ட வேண்டும். அப்பா முப்பது வருஷம் காட்டினார். ஓய்வு பெற்ற பிறகும் ரேஷன் கடையிலோ வங்கியிலோ ஒரு காக்கிச் சட்டையைக் கண்டால் போதும், அவர் கை தானாகப் பையின் ஜிப்பை இழுத்துவிடும். "யாரும் கேக்கலையே, ஏன் தொறக்கறீங்க?" என்று அம்மா சலித்துக்கொள்வாள். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். பையைக் காட்டுகிற ஆளாக நான் இருக்கப்போவதில்லை என்று மட்டும் அப்போதே மனதில் ஒரு எண்ணம்.

அப்படியே ஆயிற்று. மண்ணூர்பேட்டைப் பக்கம், தொழிற்பேட்டையை ஒட்டியுள்ள ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களையும் சர்வரையும் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. வண்டிகளுக்கான அலுமினிய உதிரிபாகங்களை வார்க்கிற இடம் அது. எல்லாருக்கும் நான் "சிஸ்டம் மேடம்". யார் எந்த ஃபோல்டரைத் திறக்கலாம், எதை அழிக்கலாம் என்பதெல்லாம் என் கையில். யாருக்கும் தேவைக்கு மேல் ஒரு அனுமதி கொடுத்ததில்லை. மானேஜருக்கே கொடுத்ததில்லை.

சர்வரில் இருந்த டிஸ்க் நிரம்பிக்கொண்டே வந்தது. காரணம் எக்ஸ்ரே அறை. வார்த்து எடுத்த பாகத்தின் உள்ளே விரிசலோ காற்றுக்குமிழோ இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அந்தப் படங்களைப் பல வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது வாங்குகிறவர்களின் நிபந்தனை. ஒவ்வொரு படமும் பெரிசு. அந்த அறையைப் பார்த்துக்கொண்ட இன்ஸ்பெக்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சென்னீர்குப்பத்துக்காரர், அங்கேயே பரம்பரையாகப் பயிர் வைத்த குடும்பம். அவருக்கு எதையும் இரண்டு தடவை எக்ஸ்ரே எடுக்கிற பழக்கம். "ஏண்ணே ஒரே பீஸை ரெண்டு வாட்டி எடுக்கறீங்க, எடம் பத்தலை" என்று கேட்டால், "ஒரு பக்கம் பாத்தா இன்னோரு பக்கம் தெரியாது மேடம். நீ ஒரு புச்சு டிஸ்க்கு வாங்கிப் போட்டா இன்னா?" என்பார்.

வாங்கிப் போட்டேன். டிஸ்க் வந்த பெட்டியின் சீல் பிரிந்திருந்தது. உள்ளே சோதித்துப் பார்த்தால், புது டிஸ்க் என்று வந்தது ஏற்கெனவே நாலு மணி நேரம் ஓடியிருப்பதாகக் காட்டியது. எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. விற்றவருக்குப் போன் போட்டேன். "டெஸ்ட் பண்ணிப் பாத்துத்தான் மேடம் அனுப்புவோம், உங்க நல்லதுக்குத்தான்" என்றார். என் நல்லதுக்கு என்று யாராவது சொன்னால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது.

இந்த இடத்தில் சர்வர் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் சர்வரில் ஓடுகிற யூனிக்ஸில், வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பதுபோல டி டிரைவ், இ டிரைவ் என்று தனித்தனியாகக் கிடையாது. எல்லாம் ஒரே மரம், கிளைகள்தான் ஃபோல்டர்கள். புது டிஸ்க்கைச் சேர்க்க இரண்டு வழி. பழைய டிஸ்க்கோடு ஒரே தொகுப்பாக இணைத்து மொத்த இடத்தையும் நீட்டிவிடலாம். இரண்டும் ஒன்றாகிவிடும், யாருக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒன்று செத்தால் மொத்தமும் போகும். இன்னொரு வழி, புது டிஸ்க்கைத் தனியாகவே வைத்து, ஏதாவது ஒரு ஃபோல்டரின் மேல் கொண்டுபோய்ப் பொருத்துவது. மவுண்ட் செய்வது என்போம். அப்படிப் பொருத்தினால் அந்த ஃபோல்டரில் ஏற்கெனவே இருந்தது அழியாது. கண்ணுக்குத் தெரியாமல் அடியில் போய்விடும், பழைய பாயின் மேல் புதுப் பாயை விரித்த மாதிரி.

முதல் வழிதான் எல்லாரும் செய்வது. நானும் அதைத்தான் செய்வதாக இருந்தேன். அந்த நாலு மணி நேரம் என்னை விடவில்லை. யாரோ தொட்டுப் பார்த்த டிஸ்க்கை என் பழைய டிஸ்க்கோடு கலப்பதா? எக்ஸ்ரே ஃபோல்டருக்கு மட்டும் புது டிஸ்க்கைத் தனியாகப் பொருத்துவது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எக்ஸ்ரே ஃபோல்டரில் எத்தனை படம் இருக்கிறது என்று எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டேன். எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்குக் காப்பி ஆகும்படி ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காப்பிக்கு இடைஞ்சல் என்று அந்த இரண்டு நாள் பேக்கப்பையும் நிறுத்தி வைத்தேன். மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை, தொழிற்சாலைக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக வந்து, புது டிஸ்க்கில் இருந்த படங்களை எண்ணினேன். வெள்ளிக்கிழமை எழுதிய எண்ணும் இதுவும் அச்சாக ஒன்று. ஒன்றுகூடக் குறையவில்லை. புது டிஸ்க்கை ஃபோல்டரின் மேல் பொருத்தினேன். பழைய படங்களை உடனே அழிக்க மனசு வரவில்லை. புது டிஸ்க் காலை வாரினால் என்ன செய்வது? அடியிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, "ஒரு வாரம் கழித்து அழிக்கவும்" என்று நோட்டில் எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது நோண்டிப் பார்ப்பார்கள் என்ற பயம்தான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு புகார் வந்தது. வாங்கியவர்களிடம் ஒரே தடவையாகப் போன ஒரு லாட்டில் இரண்டு பாகம் விரிசல் விட்டிருந்தது. அந்த லாட்டின் எக்ஸ்ரே படங்களை அனுப்புங்கள் என்றார்கள். தேடினோம். அந்த லாட்டுக்கு மட்டும் ஒரு படம்கூட இல்லை. முந்தைய லாட் இருந்தது, அடுத்த லாட் இருந்தது, நடுவில் வெறும் இடம். இன்ஸ்பெக்டரின் ரெஜிஸ்டரில் மட்டும் ஒவ்வொரு பீஸுக்கும் எதிரில் "ஓகே" என்று அவர் கையெழுத்து.

மானேஜர் அறையில் நாலு பேர் உட்கார்ந்தோம். இன்ஸ்பெக்டர் மட்டும் நின்றார். உட்காரச் சொன்ன மாதிரி எனக்கு நினைவில்லை.

"சனிக்கெயம வந்து எட்த்தேன் சார்" என்றார். "டிஸ்பேட்ச்ல அவசரம்னு போன் பண்ணாங்க. பதினோரு மணிக்கு வந்து நாலு மணி வரிக்கும் எட்த்தேன். ரெண்டு ரெண்டு வாட்டி எட்த்தேன்."

"லீவு நாள்ல, தனியாவா?" என்றேன். கேட்டது நான்தான்.

"ஆமா மேடம். அவசரம்னாங்கோ."

நான் சர்வரின் பதிவை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அந்தச் சனிக்கிழமை பதினொன்று ஐந்துக்கு அவர் லாகின் செய்து எக்ஸ்ரே ஃபோல்டரைத் திறந்திருக்கிறார், நாலு மணிக்கு மேல் மூடியிருக்கிறார். அவ்வளவுதான் அதில் இருந்தது. எழுதினாரா, அழித்தாரா என்று அந்தப் பதிவு சொல்லாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். "அழிச்சிருக்க வாய்ப்பு இருக்கு சார்" என்றேன் முதலில். மானேஜர் இன்னொரு தடவை கேட்டபோது 'வாய்ப்பு' என்ற வார்த்தையை விட்டுவிட்டேன். "வேற யாரும் அந்த ஃபோல்டருக்குள்ள போகல. அழிச்சா இவர்தான் அழிச்சிருக்கணும்."

"நான் இன்னாத்துக்கு மேடம் அழிக்கப் போறேன்?" என்றார். குரல் உயரவே இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. தப்புச் செய்யாதவன் கத்தமாட்டானா?

என்னைக் கேட்டால், அப்போது என் கணக்கு சுத்தமாக இருந்தது. வெள்ளிக்கிழமை எண்ணிக்கை, ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை, இரண்டும் ஒன்று. நடுவில் ஒருவர் வந்து படம் எடுத்திருந்தால் எண்ணிக்கை கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. ஆக, விரிசல் தெரிந்த படங்களை அழித்திருக்கிறார், இல்லை எடுக்காமலே ஓகே போட்டிருக்கிறார். நான் எண்ணியது காப்பியை, அவர் எழுதியது பழைய ஃபோல்டரில் என்பது அந்த அறையில் ஒரு நிமிஷம்கூட என் புத்தியில் தட்டவில்லை.

விசாரணை முடிகிற வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். வேலை போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷம் அங்கே இருந்தவர். இதோடு நான் வாயை மூடியிருக்கலாம். "பென் டிரைவ்ல ஏதாவது எடுத்துட்டுப் போறாரான்னு கேட்ல பையைப் பாக்கச் சொல்லுங்க சார்" என்றேன். அதுவும் நான் சொன்னதுதான்.

என் அறை ஜன்னலிலிருந்து கேட் தெரியும். நின்று பார்த்தேன். செக்யூரிட்டி பையை மேசையில் கொட்டினார். சாப்பாட்டு டப்பா, துண்டு, மூக்குக் கண்ணாடிக் கூடு, விரிசல் பார்க்கிற ஒரு சின்ன பூதக்கண்ணாடி. டப்பாவின் மூடியையும் திறந்து பார்த்தார். ஷிஃப்ட் மாறுகிற நேரம். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். பென் டிரைவ் இல்லை. முன்னாடியே கடத்தியிருப்பார் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் போயிற்று. ஒரு நாள் மத்தியானம் சர்வர் எச்சரிக்கை கொடுத்தது, பழைய டிஸ்க் நிரம்பப் போகிறது என்று. எனக்குப் புரியவில்லை. எக்ஸ்ரே படங்களைத்தான் வேறு டிஸ்க்குக்கு மாற்றியாயிற்றே, பாதி காலியாகியிருக்க வேண்டாமா? டிஸ்க்கைக் கேட்டால் நிரம்பிவிட்டேன் என்கிறது. ஒவ்வொரு ஃபோல்டராகக் கூட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் யாரோ ஒரு மலையைப் பதுக்கி வைத்திருக்கிறார்கள். யார் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. போகிற போக்கில் அந்த மனுஷன் எதையோ ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று கை பரபரத்தது.

மறைந்த ஃபோல்டர்களைத் தேடினேன். இல்லை. ஏதாவது நிரல் இடத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. சர்வரையே நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். அதே கதை. கடைசியில் நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருந்தது: ஒரு வாரம் கழித்து அழிக்கவும்.

சிரித்துவிட்டேன். நானே பதுக்கிய மலை. வேலை மும்முரத்தில் ஒத்திப்போட்டு, புகார் வந்த கலவரத்தில் மறந்தே போயிருக்கிறேன். எக்ஸ்ரே அறையில் சாப்பாட்டு இடைவேளை. புது டிஸ்க்கை ஃபோல்டரின் மேலிருந்து கழற்றினேன். அடியில் பழைய ஃபோல்டர் அப்படியே இருந்தது. அழிக்கிற கட்டளையை அடித்தாயிற்று, என்டர் தட்டவேண்டியதுதான் பாக்கி. அப்போது வழக்கமான புத்தி வந்து கையைப் பிடித்தது. எதற்கும் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்துவிடுவோமே.

எண்ணினேன். நோட்டில் இருந்ததைவிட இருநூற்றுப் பதினாலு படம் அதிகம்.

தேதியைப் பார்த்தேன். எல்லாம் அந்தச் சனிக்கிழமை. முதல் படம் பதினொன்று இருபதுக்கு, கடைசிப் படம் நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால். காப்பி முடிந்தது அன்று காலை பத்து மணிக்கு. அவர் வந்தது அதற்குப் பிறகு. ஒவ்வொரு பீஸுக்கும் இரண்டு படம், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒன்றில்கூட விரிசல் இல்லை.

என்டர் தட்டியிருந்தால் அந்தச் சனிக்கிழமை உலகத்தில் இல்லாமலே போயிருக்கும். அந்த மனுஷன் திருடனாகவே வீட்டில் உட்கார்ந்திருப்பார், நான் இங்கே நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன். அதை நினைக்க நினைக்க என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

படங்களை மூன்று இடத்தில் காப்பி எடுத்துவிட்டு மானேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "பேக்கப்லேர்ந்து கெடச்சுதுன்னு சொல்லிடலாம்மா. அவரும் வேலைக்கு வந்துடுவாரு, உங்களுக்கும் சங்கடம் இல்ல. எல்லாருக்கும் நல்லது" என்றார். மறுபடியும் அந்த நல்லது. சரி சார் என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். பொய் சொல்லவில்லை, அந்த யோசனை அப்போது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அறைக்கு வந்து ஜன்னல் பக்கம் நின்றால் கேட் தெரிந்தது. அவர் பையைக் கொட்டிய அந்த மேசை காலியாகத்தான் கிடந்தது. அன்று சாயங்காலமே வண்டியை எடுத்துக்கொண்டு சென்னீர்குப்பம் போனேன். பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோ வேலைக்காகப் பாதி ரோட்டை அடைத்திருந்தார்கள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். ஹைவேயை ஒட்டிய சந்தில் வீடு. பக்கத்தில் லாரிகள் நிற்கிற மைதானம். அதன் ஓரமாக ஒரு துண்டு நிலத்தில் அவர் கீரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் என்னை முதலில் பார்த்தார்.

"இன்னும் இன்னா பாக்கணும்?" என்றார். "பையப் பாத்தாச்சு. ஊட்டையும் சோதன போட வந்துகீறியா?"

"சும்மா இரு மே" என்று இவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "உள்ள வாம்மா." ஆபீஸில் மேடம், வீட்டு வாசலில் அம்மா. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். படம் கிடைத்தது, எல்லாப் படமும் கிடைத்தது, நீங்கள் அழிக்கவில்லை, நான்தான் புது டிஸ்க்கை மேலே பொருத்தி மூடிவிட்டேன். டிஸ்க்கு, மவுண்ட்டு என்று உளறியது அவருக்குப் புரியவில்லை. கூடத்தில் பாய் விரித்திருந்தது. அதைக் காட்டி, "இதுக்கு மேல இன்னொரு பாய் போட்ட மாதிரிண்ணே" என்றேன்.

அவர் அந்தப் பாயையே பார்த்தார்.

"அப்போ நான் எட்த்தது அடியிலயே கெடந்துதா?"

"ஆமாண்ணே."

"நீ அதும் மேல குந்திகினு, நான் தூக்கினு பூட்டேன்னு சொல்லிகினு இருந்தே."

"ஆமாண்ணே."

அவர் மனைவி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கும் அழுகை வந்தது. அழுதால் அவர் என்னைச் சமாதானப்படுத்துவார், அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்று அடக்கிக்கொண்டேன்.

"இத்த எல்லார்கிட்டயும் சொல்லுவியா? இப்ப எங்கிட்ட சொன்ன மாரியே?" என்று கேட்டார். "தெருவுல கேக்குறாங்கம்மா. லீவான்னு கேக்குறாங்கோ. எத்தினி நாளிக்கு லீவுன்னு சொல்றது?"

சொல்கிறேன் என்றேன். மறுநாள், அன்றைக்கு மானேஜர் அறையில் இருந்த எல்லாருக்கும், மற்ற எல்லாப் பிரிவுகளுக்கும் நாலு வரியில் ஒரு மெயில் எழுதினேன். நாலு வரிக்கு ஒரு காலைப்பொழுது ஆயிற்று. படங்கள் அழியவில்லை, நான் செய்த தவறால் மறைந்திருந்தன, அவர்மேல் எந்தத் தவறும் இல்லை, அழித்தார் என்று சொன்னது நான். மானேஜர் ஒரு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. புது டிஸ்க் இன்றுவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை அவர் வேலைக்கு வந்தார். நாள் முழுக்க எக்ஸ்ரே அறையில் விளக்கு எரிந்தது. சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் நேராக என் அறைக்கு வந்தார். பையை என் மேசைமேல் வைத்து ஜிப்பைத் திறந்தார். சாப்பாட்டு டப்பா, துண்டு, கண்ணாடிக் கூடு, பூதக்கண்ணாடி. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். டப்பாவின் மூடியையும் திறந்தார்.

"பாத்துக்கோ மேடம்."

"வேண்டாம்ணே. தயவுசெஞ்சு மூடுங்க."

"இருக்கட்டும் மேடம். பாத்துட்டா உனுக்கும் நிம்மதி, எனுக்கும் நிம்மதி" என்றார். கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. வேலையைச் சொல்கிற குரல்.

அன்றிலிருந்து தினமும் வருகிறார். வேண்டாம் என்று நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். அவர் கை ஜிப்பைத் திறக்கிற விதத்தைப் பார்த்தால் எனக்கு அப்பாவின் ஞாபகம் வருகிறது. இப்போது அது எனக்கு வேடிக்கையாக இல்லை. அவர் பையைத் திறக்கும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். இதுவரை ஒரு நாள்கூட முடியவில்லை. டப்பாவைப் பார்க்கிறேன், துண்டைப் பார்க்கிறேன், துண்டுக்கு அடியிலும் பார்க்கிறேன்.